வௌவால் சூப்பின் முதல் கிண்ணம்

மார்ச் 3, திங்கள்

மூன்று விமானம், ஒரு படகு. படகில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் காய்ந்த ஆக்டோபஸ் ஒன்றை வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தார். காற்று என் பக்கமே அடித்தது. மோராய்த் தீவில் இறங்கியபோது பகல் பதினொரு மணி. என் மகள் பூரணி குழந்தையோடு படகுத்துறைக்கு வந்திருந்தாள். பிறந்து பன்னிரண்டு நாள் ஆன பிள்ளையை இந்தப் புழுதியில் தூக்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன், பேசிய முதல் வார்த்தை அது. நியாயமான கேள்விதான்.

இருபத்தொன்பது வருடம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவனுக்கு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கால் தானாக அடுப்படிக்குப் போகும். போனேன். காய் வெட்டும் பலகையில் விரிசல். அதற்குள் பழைய மீன் செதில். பாத்திரம் துடைக்கும் துணி ஈரமாகவே சுருட்டிக் கிடக்கிறது. சர்க்கரை டப்பாவில் எறும்பு. ஃப்ரிட்ஜின் மேல்தட்டைத் திறந்தேன். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பையில், ஆறு வௌவால்.

பழந்தின்னி வௌவால். முழுசாக, ரோமத்தோடு, இறக்கையை மார்பில் கட்டிக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் நாய்க்குட்டி முகம். ஒன்றுக்குக் கண் பாதி திறந்திருந்தது. கதவை மூடிவிட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.

மருமகன் தாகோ படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். ஆறடி. என்னை "மாமா" என்று கூப்பிடப் பழகியிருக்கிறார். கை கொடுத்தார். நகக்கண்ணில் கிரீஸ்.

குழந்தை நலம். மூக்கு அவர்கள் பக்கம்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஃப்ரிட்ஜ் முழுவதையும் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தேன். வௌவால் பையை இடுக்கியால் தூக்கி வெளியே வைத்தபோது பூரணி ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். அதைத் தொடக் கூடாதாம். அது எனக்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறார்களாம்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துணைக்கு வாருங்கள் என்றுதான் டிக்கெட் அனுப்பியிருந்தாள். இது வேறு.

இந்தத் தீவில் தலைப்பிள்ளை பிறந்தால் ஒரு மாதத்துக்குள் பெண்வீட்டார் வந்து வௌவால் சூப் வைக்க வேண்டும். பெண்ணின் தாய் வைப்பாள். வைத்த கையே முதல் கிண்ணத்தை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் குடிக்க வேண்டும். குடிக்கும்போது முகம் சுளிக்கக் கூடாது. சுளிக்காமல் குடித்துவிட்டால் பிள்ளைக்குப் பெண்வீட்டார் பெயர் வைக்கலாம், பிள்ளை இரண்டு வீட்டுக்கும் சொந்தம். சுளித்தால் பெயர் அவர்களுடையது, பிள்ளையும் அவர்களுடையது மட்டும்.

"அம்மா இருந்தா அம்மா செஞ்சிருப்பா. இப்ப நீங்கதான் இருக்கீங்க. அப்பா செஞ்சாலும் சரின்னு தாகோவோட அத்தை ஒத்துக்கிட்டாங்க. எனக்கு அம்மா பேரை வைக்கணும்ப்பா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

நிபா வைரஸ் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டேன். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவளிடம் கேட்கிறேன். நாலு மணி நேரம் கொதிக்க வைத்தால் எதுவும் மிஞ்சாது என்றாள். எனக்கும் அது தெரியும். ஆனால் கொதித்த பிறகும் அது வௌவால்தானே. ஊரில் புதன்கிழமைச் சந்தைப் பக்கம் மூச்சிரைப்புக்கு மருந்து என்று வௌவால் கறி விற்றவனின் சட்டியில் பினாயிலை ஊற்றியவன் நான்.

முடியாது என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 5, புதன்

இன்றும் மீன். வாடை.

மார்ச் 6, வியாழன்

தாகோவின் அத்தை இலேய் வந்தாள். எழுபது வயது இருக்கும், காலில் செருப்பு இல்லை, வாயில் வெற்றிலைச் சாறு. தாகோவுக்குத் தாய் இல்லை. வளர்த்தது இவள்தான், அந்தக் குடும்பத்தில் இவள் சொல்வதுதான் சட்டம். குழந்தையின் நெற்றியில் தன் எச்சிலைத் தொட்டு வைத்தாள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டு, அவள் திரும்பியதும் என் கைக்குட்டையால் துடைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

சமையல் முறையைச் சொன்னாள், பூரணி தமிழில் சொன்னாள். வௌவாலை முழுசாகத் தண்ணீரில் போட வேண்டும். இஞ்சி தட்டிப் போட வேண்டும். நன்றாக வெந்ததும் தேங்காய்ப்பால். அவ்வளவுதான். உப்புகூடக் கடைசியில்தான். சூப் ஆகும்வரை சமைக்கிறவர் தனியாக இருக்க வேண்டும். யாரும் உதவக் கூடாது, பார்க்கவும் கூடாது. மற்றவர்கள் கொட்டகைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"முழுசாக" என்றால் ரோமத்தோடா என்று கேட்க நினைத்தேன். எந்த மனுஷன் ரோமத்தோடு போடுவான் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

போகும்போது இலேய் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கறிக்கடையில் ஆட்டைப் பார்ப்பது போல. பூரணியிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை.

"இவருக்குக் கஷ்டம்னு சொல்லுதாங்க. மூஞ்சி ஏற்கெனவே மடிஞ்சுபோய்க் கிடக்காம்."

படிப்பறிவில்லாத ஜனங்கள்.

மார்ச் 7, வெள்ளி

பூரணி ரசம் வைத்தாள். தேங்காய் எண்ணெயில் தாளித்திருக்கிறாள், இங்கே வேறு கிடைக்காதாம். பாதியில் கையைக் கழுவிவிட்டேன். பூரணி என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். பிள்ளை பெற்றவள் அப்படி நிற்கக் கூடாது என்று சொன்னேன். பழகிவிட்டது என்றாள்.

மார்ச் 8, சனி

குளியலறைக் கண்ணாடி முன்னால் பயிற்சி. சீமைப்பலாவைக் குழியில் புதைத்துப் புளிக்க வைத்த கூழ் ஒன்று இவர்கள் தின்பது. அழுகிய பாலாடை நாற்றம். ஒரு ஸ்பூன் வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். மேலுதடு ஏறுகிறது. மூக்குத் துவாரம் விரிகிறது. இடது கண் சிறுத்துவிடுகிறது. நான் செய்யவில்லை, தானாகவே நடக்கிறது. ஐந்து தடவை முயன்றேன், ஐந்து தடவையும் அதே.

பிறகு வெறும் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். அப்போதும் லேசாக ஏறுகிறது.

இது என் முகத்தின் அமைப்பு. அப்பாவுக்கும் இப்படித்தான். தொழிலும் ஒரு காரணம். எலிப் புழுக்கை கிடக்கிற மாவு மூட்டையை இருபத்தொன்பது வருடம் மோந்து பார்த்தவன் முகம் வேறு எப்படி இருக்கும்?

மார்ச் 10, திங்கள்

கறி கழுவுவதில் என் மனைவி செண்பகத்தை மிஞ்ச ஆள் கிடையாது. மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து ஏழு தண்ணீர் விடுவாள். மூன்று போதாதா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, அவர் மோந்து பார்ப்பார் என்று பதில் சொன்னாள். நான் மோந்து பார்ப்பது உண்மைதான். மோந்து பார்க்காமல் சாப்பிடுகிறவனைக் கண்டால் எனக்கு இளக்காரம்.

நான் முதல் கவளம் எடுக்கும்வரை அடுப்படி நிலைப்படியில் நிற்பாள். உட்கார் என்று நான் சொன்னதில்லை, நில் என்றும் சொன்னதில்லை. நான் வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தூரக் கொட்டச் சொல்வேன். கொட்டிவிட்டேன் என்பாள். பூரணி இன்று பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள், அதையெல்லாம் அம்மாதான் அப்புறமாக உட்கார்ந்து தின்பாள் என்று. பழைய குழம்பு, ஆறின சோறு. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கண்டித்திருப்பேன். சர்க்கரை வியாதிக்காரி கண்டதையும் தின்னலாமா?

வௌவால் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என் கையால் செய்வதென்றால் சுத்தமாகச் செய்வேன். பெட்டியில் மஞ்சள்தூள் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு இலேயும் அவர்கள் வீட்டுப் பெண்கள் பதினோரு பேரும் வந்து, கொட்டகைக்கு வெளியே முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். பூரணி குழந்தையோடு நடுவில். உள்ளே நான், அடுப்பு, ஆறு வௌவால். ஐஸ் உருகி அவற்றிலிருந்து ஒரு நெடி கிளம்பியது. ஈரக் கம்பளியில் பூனை மூத்திரம் பெய்தால் வருமே, அது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டேன்.

கத்தியால் முதுகில் கீறித் தோலை உரித்தேன். சட்டை கழற்றுவது போலக் கழன்று வந்தது. இறக்கையை வெட்டினேன், குடலை எடுத்தேன், தலையை எடுத்தேன். மஞ்சளும் உப்பும் போட்டு ஏழு தண்ணீரில் கழுவினேன். நாலாவது தண்ணீரிலேயே நெடி போய்விட்டது. ஏழாவதில் நாட்டுக்கோழிக் குஞ்சு மாதிரி ஆகிவிட்டது. என் மனசுக்கு நிறைவாக இருந்தது. தோலையும் தலையையும் தாளில் சுற்றிக் குழி தோண்டிப் புதைத்து, மேலே பிளீச்சிங் பவுடர் தூவினேன். இஞ்சி, தண்ணீர். வெந்ததும் தேங்காய்ப்பால் ஊற்றிக் குரல் கொடுத்தேன்.

இலேய் வந்து மூடியைத் திறந்தாள். பார்த்தாள். கரண்டியால் ஒரு துண்டைத் தூக்கினாள், தலையும் இல்லை, இறக்கையும் இல்லை, மஞ்சள் நிறம். திரும்ப விட்டுவிட்டு மூடியை மூடினாள். வெளியே போய்ப் பாயைச் சுருட்டினாள். பதினோரு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார்கள்.

பூரணி பானையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். தோலோடு போடுவதுதான் முறையாம். ஒரு வீட்டார் எப்படி இருக்கிறார்களோ அப்படியே ஏற்றுக்கொள்கிறோம் என்பதுதான் அதற்கு அர்த்தமாம். உரித்துப் போட்டால், உங்களை உரித்து, கழுவி, வேறு ஆளாக்கினால்தான் எங்களுக்குச் சம்மதம் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரியாம்.

எனக்கு யாரும் சொல்லவில்லை என்றேன்.

"முழுசான்னு சொன்னேன்ப்பா" என்றாள். சத்தம் போடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பானையை நான்தான் கழுவினேன்.

மார்ச் 13, வியாழன்

சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருந்தது.

மார்ச் 14, வெள்ளி

தாகோ நேற்றிலிருந்து அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம். வேலைக்குப் போகவில்லை. அவரை யார் போகச் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள் பூரணி. அம்மா பேர் வைக்க வேண்டும் என்று அவரிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாளாம், அவ்வளவுதான்.

இவர்கள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. மூட்டுவலி என்று சொல்லியிருந்தேன். மூட்டுவலி இருந்தது உண்மை. தாகோ ஒரு விருந்தில் வௌவாலைக் கையில் பிடித்துக் கடிக்கிற போட்டோ ஒன்றைப் பூரணி அதற்கு முன்பு அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்தபின் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் உண்மை.

மார்ச் 15, சனி

இலேய் இறங்கி வந்துவிட்டாள். முறை தெரியாதவர்கள், இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாளாம். ஆனால் வௌவால் இல்லை. மாதத்தில் சில நாட்கள்தான் வேட்டைக்கு அனுமதி, நாளையோடு முடிகிறது. தாகோ வலையை எடுத்துக்கொண்டு மாலையில் காட்டுக்குப் போயிருக்கிறார்.

மார்ச் 16, ஞாயிறு

விடிந்து தாகோ வந்தார். மூன்று வௌவால். வலது கட்டைவிரலில் கடிவாய், ஆழமாக. ஏதோ கந்தல் துணியைச் சுற்றியிருந்தார். சிரித்துக்கொண்டே மூன்றையும் தூக்கிக் காட்டினார்.

கையைப் பிடித்து இழுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினேன். ரத்தம், மண், வௌவால் எச்சில் எல்லாம் என் கையில்தான். கையுறை போட மறந்துவிட்டேன். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய், வெறிநாய்க்கடி ஊசியைப் போடச் சொல்லி, போடும்வரை நின்றேன். இரண்டு நாள் பார்க்கலாம் என்று சொன்ன டாக்டரிடம் சத்தம் போட்டேன்.

திரும்பும்போது தாகோ தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார். சூப்பை நினைக்காதீர்கள் மாமா, எதிரில் இருக்கிற ஆளைப் பாருங்கள் என்றார். தலையாட்டினேன்.

மார்ச் 18, செவ்வாய்

கைக்குட்டை கட்டவில்லை. கட்டினால் வெளியே தெரிந்துவிடும்.

மூன்று வௌவாலையும் தண்ணீரில் அலசி அப்படியே போட்டேன். ரோமம் தண்ணீரில் மிதந்து எழுந்தது. கொதி வந்ததும் இறக்கைகள் தானாக விரிந்தன. நுரை பழுப்பாக மேலே வந்து பானை விளிம்பில் ஒட்டியது. அதை எடுத்துக் கொட்டக் கை பரபரத்தது, எடுக்கவில்லை. நாலு மணி நேரம் அந்த நெடியில் நின்றேன். சட்டையில், தலைமுடியில், மூக்குக்குள் எல்லாம் ஏறிவிட்டது. நடுவில் ஒரு தடவை கொட்டகையின் மூலையில் போய் வாந்தி எடுத்தேன். சத்தம் வராமல் எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து தேங்காய்ப்பாலை ஊற்றினேன்.

இலேய் மூடியைத் திறந்து பார்த்தாள். தலை இருக்கிறதா என்று கரண்டியால் புரட்டினாள். மூன்று தலையும் இருந்தன. தானே ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஒரு முழு வௌவாலை அதில் வைத்து, என் இரண்டு கையிலும் கொடுத்தாள்.

பதினோரு பெண்களும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என் உதட்டையும் மூக்கையுமே பார்த்தார்கள். வௌவாலின் பற்கள் தெரிந்தன. முதல் வாய் குடித்தேன். எண்ணெயும் இஞ்சியும் மூத்திர நெடியும். ஒரு ரோமக் கற்றை நாக்கில் ஒட்டியது. மேலுதடு துடிக்க ஆரம்பித்தது, எனக்கே தெரிந்தது.

எதிரில் இருக்கிற ஆளைப் பாருங்கள் என்று தாகோ சொன்னார். பார்த்தேன். பூரணி உட்காரவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கையில் குழந்தை. இன்னொரு கை துணி முந்தியைச் சுருட்டிச் சுருட்டி விடுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள், கவளம் உள்ளே இறங்குகிறதா, உதடு ஏறுகிறதா என்று. அந்த நிலை எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே நிமிர்ந்து பார்த்திருந்தால் தினமும் தெரிந்திருக்கும்.

உதடு நின்றுவிட்டது. எப்படி என்று தெரியவில்லை. குடித்தேன். கறியைப் பிய்த்து, தோலோடு மென்று, ரோமத்தை விரலால் எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, மறுபடி குடித்தேன். கிண்ணம் காலியாகும்வரை பூரணியைத்தான் பார்த்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினேன்.

இலேய் எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு குழந்தையை வாங்கி என் மடியில் வைத்தாள். நான் பெயரைச் சொன்னேன். செண்பகவல்லி. அவர்கள் வாயில் அது நுழையவில்லை. ஆனாலும் பன்னிரண்டு பேரும் மூன்று தடவை சொன்னார்கள்.

குழந்தையை இலேயிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பூரணியைக் காணோம். வீட்டுக்குள் போனேன். நன்றி சொல்லுவாள் என்று நினைத்தேன், மறைக்காமல் எழுதுகிறேன். அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நல்லபடியாக முடிந்ததே என்றேன்.

"முடியுதுல்லாப்பா, உங்களால" என்றாள்.

என்ன முடிகிறது என்று கேட்டேன். அவள் திரும்பினாள். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரோமத்தோட வவ்வாலத் தின்னுட்டு மூஞ்சியக் கோணாம உக்கார முடியுது. இத்தனை வருசமா அது உங்க சுபாவம், அவரால முடியாதுட்டின்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பா. நானும் நம்பிட்டேன். ஒரு ரசத்துக்குக்கூட அம்மா இந்த மூஞ்சியப் பாக்கலியேப்பா."

வெளியே எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தாகோ என்னைக் கூப்பிட்டார். நான் அங்கேயே நின்றேன்.

மார்ச் 19, புதன்

காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். முகம் சுளிக்காமல் செண்பகத்தின் கையால் வாங்கிச் சாப்பிட்டது ஏதாவது ஒன்று இருக்கத்தான் வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு ஆடி வெள்ளிக்குப் பாசிப்பருப்புப் பாயசம் வைத்தாள். நன்றாக இருந்தது. இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கினேன். அதில் ஏலக்காய்த் தோல் கிடந்தது. எடுத்து அவளிடம் காட்டினேன்.